துப்பாக்கியும் நோட்டுப் புத்தகமும்

துப்பாக்கிக்கும் நமக்கும் இருந்த சம்பந்தம் எட்டு வயதோடு முடிந்து போயிற்று. தீபாவளிக்கு வாங்கிய தகரத் துப்பாக்கியில் பொட்டுச் சுருளை மாட்டிப் பத்துத் தடவை சுட்டோம். ஒன்பது தடவை வெடிக்கவில்லை. வெடித்த ஒரு தடவையில் நமது கட்டை விரல் பொசுங்கிற்று. அன்று முதல் அகிம்சா தர்மத்தில் நமக்கு அசைக்க முடியாத பற்று ஏற்பட்டுவிட்டது.

இத்தகைய நாம், 2020-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 20-ந் தேதி, அமெரிக்காவில் வெர்ஜீனியா ராஜ்யத்தின் தலைநகராகிய ரிச்மாண்டில், சுமார் 22,000 துப்பாக்கி அபிமானிகள் கூடிய கூட்டத்துக்கு நடுவே, இரண்டு கம்பளிச் சட்டைகளும் ஒரு குரங்குக் குல்லாயும் தரித்து நின்று கொண்டிருந்தோம் என்றால், நேயர்கள் நம்பப் போவதில்லை. நமது புதல்வியும் முதலில் நம்பவில்லை. "அப்பா, உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ரிச்மாண்டுக்கு ஒரு மணி நேரப் பிரயாண தூரத்தில் ஒரு சிற்றூரில் புதல்வியும் மாப்பிள்ளையும் குடியிருந்தார்கள். 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், பேரனுடன் சில மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று அங்கே போய்ச் சேர்ந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறுப்பு இனத்தவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். நாம் போன மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்தால், அவர் தம் வீட்டு வாசலில் உதிர்ந்திருந்த இலைகளை வாரி முடித்துவிட்டு, நம் வீட்டு வாசலையும் வாரிக் கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதரிடம் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன என்று மாப்பிள்ளை சொன்னபோது, நமது கட்டை விரல் தானாகவே ஒரு முறை எரிந்தது.

ஆனால் நம்மைப் பிரமிக்க வைத்தவை அந்தத் துப்பாக்கிகள் அல்ல. அவற்றை நாம் கண்ணாலும் பார்க்கவில்லை. அவரிடம் இருந்த ஒரு நோட்டுப் புத்தகந்தான் நம்மைப் பிரமிக்க வைத்தது.

* * *

வெர்ஜீனியா சட்ட சபை 1619-ஆம் வருஷத்திலிருந்து தன் வம்சாவளியைச் சொல்லிக் கொள்ளும் பழைய சபை. கீழ்ச் சபையில் 100 அங்கத்தினர். மேல் சபையில் 40 பேர். ஜனவரி மாதம் இரண்டாவது புதன்கிழமை கூடுவார்கள். இரட்டைப்படை வருஷமானால் 60 நாள். ஒற்றைப்படை வருஷமானால் அதைவிடக் குறைவு. அந்தச் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வந்து குவிகின்றன. பெருமழையில் ஈசல் புறப்படுவது போலப் புறப்பட்டுப் பெரும்பாலும் ஈசலைப் போலவே மடிந்தும் போகின்றன. எது மடிந்தது, எது பிழைத்தது என்று சாதாரண மனிதன் எப்படி அறிவான்?

நம் பெரியவர் அறிவார். சபை கூடுவதற்கு முன்பே அங்கத்தினர்கள் தங்கள் மசோதாக்களைத் தாக்கல் செய்யலாமாம். சட்ட சபைக் காரியாலயம் அவற்றின் முழு வாசகத்தையும் கம்ப்யூட்டரில் எல்லோரும் பார்க்கும்படி உடனே வெளியிட்டுவிடுகிறது. பெரியவர் தினந்தோறும் காலையில் காப்பி குடித்தவுடன், நம் ஊரில் பஞ்சாங்கம் பார்ப்பவர்களைப் போல, அதைப் பார்ப்பார். துப்பாக்கியைப் பற்றிய மசோதா ஒன்று கண்ணில் பட்டால் நோட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம். மசோதாவின் எண், கொண்டு வந்தவர் பெயர், எந்தக் கமிட்டி, எந்த உப கமிட்டி, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யார் எப்படி ஓட்டுச் செய்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். தமக்குச் சம்மதமானதற்குப் பச்சை மையால் ஒரு வட்டம், ஆகாததற்குச் சிவப்பு, இன்னும் யோசிக்க வேண்டியதற்கு நீலம்.

அவர் ஒரு துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் அங்கத்தினர். அந்தச் சங்கமும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. "இன்ன மசோதா இன்ன கமிட்டிக்கு நாளைக் காலை வருகிறது, உங்கள் அங்கத்தினருக்கு இன்றே எழுதுங்கள்" என்று கடிதங்கள் பறக்கின்றன. ஆனால் பெரியவர் சங்கத்தின் வார்த்தையை அப்படியே எடுத்துக் கொள்வதில்லை. மசோதாவைத் தாமே வாசித்த பிறகுதான் வட்டம் போடுவார்.

"ஒரு மசோதாவைத் தோற்கடிக்க வேண்டுமானால் உப கமிட்டியில் தோற்கடிக்க வேண்டும். அங்கே ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். காலை ஏழு மணிக்குக் கூட உட்காருவார்கள். அப்போது தூங்கிவிட்டு, சபையில் நிறைவேறிய பிறகு தெருவில் நின்று கூச்சல் போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார் ஒரு நாள். நாம் மௌனமாக இருந்தோம். காலை ஏழு மணிக்கு நாம் என்ன செய்து கொண்டிருப்போம் என்பது நமக்குத் தெரியும்.

* * *

அந்த நவம்பர் மாதத் தேர்தலில் அங்கே பெரிய மாறுதல் நிகழ்ந்திருந்தது. இருபது வருஷங்களுக்கு மேல் கிட்டாத வெற்றி ஜனநாயகக் கட்சிக்குக் கிட்டி, இரண்டு சபைகளும் அதன் வசமாயின. கவர்னரும் அதே கட்சிக்காரர். அவ்வருஷம் மே மாதம் 31-ந் தேதி வெர்ஜீனியா பீச் என்ற நகரில் நகரசபை ஊழியன் ஒருவன் 12 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அதன் பேரில் ஜூலை மாதம் கவர்னர் கூட்டிய விசேஷக் கூட்டத்தை, அப்போது பெரும்பான்மையாயிருந்த குடியரசுக் கட்சியினர் ஒன்றரை மணி நேரத்தில் ஒத்தி வைத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் தேர்தலில் சேர்ந்து கொண்டது.

புதிய பெரும்பான்மை வந்ததும் மேல் சபையில் 16-வது மசோதா என்று ஒன்று தாக்கலாயிற்று. ராணுவ பாணியில் அமைந்த சில வகைத் துப்பாக்கிகளை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்றது அந்த மசோதா. அதோடு நிற்கவில்லை. வைத்திருப்பதும் குற்றம் என்று ஒரு சொல் அதில் இருந்தது. பெரியவர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் மூன்று முறை சுழித்திருந்தார்.

"இந்தச் சொல்லைப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் சட்டப்படி பணம் கொடுத்து, பரிசோதனைக்கு உட்பட்டு வாங்கிய பொருள் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள் காலையில் கண் விழித்தால் நான் குற்றவாளி!" என்றார்.

அந்த ஒரு சொல் வெர்ஜீனியா முழுவதையும் கிளப்பிவிட்டது. அந்த ராஜ்யத்தில் 95 ஜில்லாக்கள் உண்டு. ஒவ்வொரு ஜில்லா சபையின் வாசலிலும் ஜனங்கள் இரவில் குளிரில் நின்றார்கள். அரசியல் சாஸனத்தின் இரண்டாவது திருத்தம் தரும் ஆயுத உரிமைக்கு எங்கள் ஜில்லா ஒரு புகலிடம் என்று தீர்மானம் போடச் சொன்னார்கள். சில வாரங்களுக்குள் 90-க்கு மேற்பட்ட ஜில்லாக்கள் அவ்விதம் தீர்மானித்தன. ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் டிசம்பர் 20-ந் தேதி, "இத்தீர்மானங்களுக்குச் சட்டப்படி ஒரு வலுவும் கிடையாது" என்று அபிப்பிராயம் தெரிவித்தார். சட்டப்படி அவர் சொன்னது நியாயமாயிருக்கலாம். ஆனால் அரசியல்வாதிகள் சட்டத்தை மட்டுமா படிக்கிறார்கள்? ஓட்டையும் எண்ணிப் பார்ப்பவர்கள் அல்லவா? ஜனவரி 13-ந் தேதி, கொண்டு வந்தவரின் வேண்டுகோளின் பேரிலேயே அந்த 16-வது மசோதா கமிட்டியில் அடிக்கப்பட்டுவிட்டது. பெரியவர் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதியும் இட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

* * *

டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தோசை சாப்பிட அழைத்திருந்தோம். நாலாவது தோசையின் போது, "உங்கள் காந்தி எங்கள் பக்கம்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நமக்குப் புரை ஏறிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய ஆயுதச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் தீமைகளுக்கெல்லாம் தலையாய தீமையாக மகாத்மா கண்டித்த வாசகம் அதில் இருந்தது. அமெரிக்கத் துப்பாக்கி அபிமானிகள் பலர் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் அறிந்தோம்.

வாசகம் உண்மையானதுதான். 1878-ஆம் வருஷத்தில் லிட்டன் பிரபு ஆண்ட காலத்தில் வந்த அந்தச் சட்டத்தின்படி இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியர்களுக்கோ விதிவிலக்கு. பயிரைத் தின்னும் பன்றியை விரட்டக் குடியானவன் கலெக்டர் கச்சேரி வாசலில் காத்திருக்க வேண்டும். துரை மகன் தோளில் துப்பாக்கியைப் போட்டுக் கொண்டு வேட்டைக்குப் போகலாம். இந்த அவமானத்தைக் காங்கிரஸ் பல்லாண்டுகள் கண்டித்து வந்தது. நாம் மறுக்கவில்லை.

"ஆனால் ஐயா, அது 1918-ஆம் வருஷத்துச் சமாசாரம்" என்று ஆரம்பித்தோம். யுத்தத்துக்கு ஆள் சேர்ப்பதற்காகக் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்தபோது மகாத்மா வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் இருந்த வாசகம் அது. ஆள் சேரவில்லை, அவர் உடம்புதான் சீர்குலைந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவர் நடத்திய போரில் ஒரு துப்பாக்கியும் இல்லை. 1931-ஆம் வருஷத்துக் காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமை இருந்தது என்னவோ வாஸ்தவம். 1948-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் அந்த உரிமையைச் சாஸனத்தில் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார். சபை ஏற்கவில்லை. மகாத்மாவின் மார்பில் மூன்று குண்டுகள் பாய்ந்து அப்போது பத்து மாதமே ஆகியிருந்தது. நம் சாஸனத்தின் 19-வது பிரிவு கூட்டம் கூடும் உரிமையைத் தருகிறது. அமைதியாகவும் ஆயுதம் இன்றியும் கூட வேண்டும் என்று அதிலேயே சொல்லிவிடுகிறது.

வெற்றி பெற்ற வக்கீலைப் போல நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பெரியவர் நிதானமாகத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வெர்ஜீனியாவில் 1680-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. என் முன்னோர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தற்காப்புக்கு ஒரு தடியைக் கூட எடுத்துச் செல்லக் கூடாது என்றது அது. உங்களை 1878-இல் பிடித்தது எங்களை 1680-இலேயே பிடித்துவிட்டது. 1956-ஆம் வருஷம் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். அவர் கைத்துப்பாக்கிக்கு அனுமதி கேட்டார்; அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1967-இல் காலிபோர்னியாவில் கறுப்பு வாலிபர்கள் துப்பாக்கியோடு சட்ட சபைக்குள் நுழைந்தார்கள். உடனே பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? கவர்னர் ரீகன்! சட்டம் என்பது எப்போதும் யாரையாவது பார்த்துக் கொண்டுதான் எழுதப்படுகிறது. ஆகையால் நானும் சட்டத்தைப் பார்த்துக் கொண்டே இருக்கிறேன்" என்றார்.

பிறகு, சற்றும் எதிர்பாராமல் ஒரு கேள்வி கேட்டார். "இந்த மாதம் உங்கள் பார்லிமெண்டில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்களே, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாக்கினார்களே, அதில் உங்கள் அபிப்பிராயம் என்ன? முதலில் ஒன்று என்றுதானே மசோதாவில் இருந்தது? யாருடைய ஆட்சேபத்தின் பேரில் மாற்றினார்கள்?"

நேயர்களே, நமக்கு அப்படி ஒரு மசோதா வந்ததே தெரியாது! பிறகு விசாரித்தோம். நவம்பர் 29-ந் தேதி கொண்டு வந்து, டிசம்பர் 9-ந் தேதி லோக் சபையிலும் மறுநாள் ராஜ்ய சபையிலும் நிறைவேற்றிவிட்டார்கள். ஏழு கடல் தாண்டி இருக்கும் தபால்காரர் அறிந்திருந்தார். காந்தியைப் பற்றி அரை மணி பிரசங்கம் செய்த இந்தியப் பிரஜை அறிந்திருக்கவில்லை. ஐந்தாவது தோசையை அவருக்குப் பரிமாறிப் பேச்சை மாற்றினோம்.

* * *

ஜனவரி 20-ந் தேதி மார்ட்டின் லூதர் கிங் ஜயந்தி விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஓய்வான நாள் என்பதால், அன்று சட்ட சபை அங்கத்தினர்களை நேரில் கண்டு பேசுவது வெர்ஜீனியாவில் நெடுநாளைய வழக்கம். அவ்வருஷம் கலகம் நேருமென்று பயந்து கவர்னர் அவசர நிலை பிரகடனம் செய்து, சட்ட சபை மைதானத்தில் ஆயுதங்களைத் தடுத்திருந்தார். சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே ஆயுதமின்றி சுமார் 6,000 பேர். வெளியே தெருக்களில், தோளில் நெடுந்துப்பாக்கிகளும் மார்பில் கவசங்களுமாகப் பதினாயிரக்கணக்கானவர்கள். ஜெப்பர்ஸன் வகுத்த வெண்மையான தூண்களையுடைய அந்தச் சட்ட சபை மாளிகை, நடுவே திகைத்து நிற்பது போலிருந்தது.

பெரியவர் தம் துப்பாக்கிகளை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். காரணம் கேட்டோம். "துப்பாக்கியோடு போனால் வெளியேதான் நிற்க வேண்டும். எனக்கு உள்ளே வேலை இருக்கிறது" என்று நோட்டுப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

அங்கத்தினர்களின் காரியாலயக் கட்டிடத்தில் நாமும் அவருடன் வரிசையில் நின்றோம். அவருடைய தொகுதி அங்கத்தினர் அறையில் இல்லை. உதவியாளராகிய ஓர் இளம் பெண் இருந்தாள். பெரியவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டார். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, ஐந்து மசோதாக்களின் எண்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாக்கியத்தில் தம் கருத்தைக் கூறினார். ஒன்றுக்குப் பச்சை, நாலுக்குச் சிவப்பு. அந்தப் பெண் குறித்துக் கொண்டாள். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வந்தனம் கூறி வெளியே வந்தார். வெளியே ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் செய்யாத காரியத்தை அந்த மூன்று நிமிஷம் செய்தது என்று நமக்குத் தோன்றிற்று.

கலகம் ஒன்றும் நேரவில்லை. முகத்தை மூடிக் கொண்டிருந்ததற்காக ஒரு பெண்ணைக் கைது செய்ததைத் தவிர அசம்பாவிதம் கிடையாது. அப்படியானால் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்லலாமா? சொல்ல முடியவில்லை. துப்பாக்கியால் மாண்டவர்களின் உறவினர்கள் வருஷந்தோறும் அதே நாளில் அதே மைதானத்தில் கூடி அஞ்சலி செலுத்துவது வழக்கம். அவ்வருஷம் பாதுகாப்பை உத்தேசித்து அதை ரத்துச் செய்துவிட்டார்கள். ஒருவர் உரிமையோடு துப்பாக்கி ஏந்தி நிற்கையில், இன்னொருவர் வாய் திறக்க வராமலே இருந்துவிட்டார். அதுவும், வன்முறையால் மாண்ட கிங்கின் பெயரால் அமைந்த நாளில்! காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, காந்தியடிகளைப் போலவே குண்டுக்கு இரையான மகான் அல்லவா அவர்?

* * *

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் பேரன் நம்மைப் பிடித்துக் கொண்டான். விளக்கை அணைத்தான். நம்மை மேஜைக்கு அடியில் இழுத்தான். "தாத்தா, பேசாதே. இருமக் கூடாது. கதவைத் தட்டினாலும் திறக்கக் கூடாது" என்றான். கண்ணாமூச்சி என்று நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியோடு யாராவது வந்தால் எப்படி ஒளிய வேண்டுமென்று கற்றுக் கொடுத்ததை நமக்குக் கற்றுக் கொடுத்தான். அவனுக்கு வயது ஆறு.

மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது நமக்கு ஒரு தமிழரின் நினைவு வந்தது. கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்து, அந்த வெர்ஜீனியா ராஜ்யத்திலேயே பிளாக்ஸ்பர்க் சர்வகலாசாலையில் நீரியல் கற்பித்த பேராசிரியர் அவர். 2007-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி வகுப்பில் பாடம் நடத்திக் கொண்டிருந்த அவரையும் சேர்த்து 32 பேரை ஒரு மாணவன் சுட்டுக் கொன்றான். மனநோய்க்குச் சிகிச்சை பெற வேண்டுமென்று கோர்ட்டு உத்தரவு பெற்றவன் அவன். அந்த உத்தரவு, துப்பாக்கி வாங்குவோரைச் சோதிக்கும் பதிவேட்டில் ஏறவில்லை. ஆகையால் கடையில் சட்டப்படியே இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினான்.

மறுநாள் பெரியவரிடம் இரண்டையும் சொன்னோம். பேரனின் விளையாட்டையும், பேராசிரியரின் கதையையும். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து நம் முன் வைத்தார். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக் கூடியவன் என்று காணப்படுபவனிடமிருந்து, நீதிபதியின் உத்தரவின் பேரில் தற்காலிகமாகத் துப்பாக்கிகளை எடுத்து வைக்கும் மசோதா அது. அவருடைய சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. அவரோ அதற்கு நீல வட்டம் போட்டிருந்தார். உதவியாளப் பெண்ணிடம் அவர் சொன்ன ஐந்தில் அது இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"குற்றம் செய்யாதவனிடமிருந்து முன்கூட்டியே பறிப்பது தவறு என்கிறது என் புத்தி. ஆனால் தெரிந்திருந்தும் சும்மா இருப்பது?" என்று கேட்டுவிட்டு, "இன்னும் யோசிக்கிறேன்" என்றார்.

அடுத்த நாள் அந்த மசோதா மேல் சபையில் 21-க்கு 19 என்ற ஓட்டில் நிறைவேறியது.

* * *

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஏப்ரல் மாதம் கவர்னர் பல துப்பாக்கிச் சட்டங்களில் கையெழுத்திட்டார். விற்பனைக்கெல்லாம் பின்னணிப் பரிசோதனை, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது, களவு போனால் 48 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பவை அவற்றுள் சில. ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தன. ஆனால் ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடுக்கும் மற்றொரு மசோதா, 961-வது எண்ணுள்ளது, கீழ்ச் சபையில் 51-க்கு 48 என்று தப்பிப் பிழைத்து, மேல் சபைக் கமிட்டியில் 10-க்கு 5 என்று முடங்கியது. கீழ்ச் சபையைக் கடக்கும்போதே, ஏற்கனவே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வைத்துக் கொள்ளலாம் என்று அதை மாற்றியிருந்தார்கள். அப்படியும் ஆளும் கட்சியினர் நால்வரே எதிர்க் கட்சியுடன் சேர்ந்து ஓட்டளித்தார்கள். சிவப்பு மையால் சுழித்த சொல்லுக்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

சபையில் தோற்றால் கோர்ட்டு. 1911-ஆம் வருஷத்திலிருந்து இருந்த நியூயார்க்கு ராஜ்யத்துச் சட்டத்தை 2022-ஆம் வருஷம் ஜூன் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஆறுக்கு மூன்று நீதிபதிகள் என்ற கணக்கில் செல்லாதாக்கிற்று. எட்டு நாளில் நியூயார்க்கு சபை வேறொரு சட்டம் செய்துவிட்டது. உடனே அதன் மேலும் வழக்கு! வெர்ஜீனியாவிலும் கட்சிகள் ராட்டினம் போல் ஏறி இறங்கின. 2021 தேர்தலில் கவர்னர் பதவி குடியரசுக் கட்சிக்குப் போயிற்று. அந்தக் கவர்னர் 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒரே நாளில் 30 துப்பாக்கி மசோதாக்களை நிராகரித்தார். 2025 நவம்பரில் பதவி மறுபடி ஜனநாயகக் கட்சிக்கு வந்தது. இரு தரப்பாரும் ஓய்ந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. துப்பாக்கியால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களும் இப்போது அதே உப கமிட்டிகளில், அதே ஏழு மணிக்கு, தங்கள் நோட்டுப் புத்தகங்களோடு வந்து உட்காருகிறார்கள்.

துப்பாக்கி விஷயத்தில் நாம் பெரியவருடைய கட்சி அல்ல. ஆறு வயதுப் பிள்ளை மேஜைக்கு அடியில் மூச்சை அடக்கப் பழக வேண்டிய தேசத்தில், உரிமையின் கணக்கை எங்கோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம். அதை அவரிடமே சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "அப்படியானால் நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்" என்றார்.

ஊர் திரும்பியதும் வாங்கினோம். நாற்பது பக்கம், கோடு போட்டது. நம் தமிழ்நாட்டுச் சட்ட சபையில் 234 அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். மசோதா ஒன்று அறிமுகமாகி ஓரிரு நாளில் சட்டமாகிவிடுவதும், மறுநாள் பத்திரிகையில் அதைப் பார்த்து நாம் ஆச்சரியப்படுவதும் இங்கே சர்வ சாதாரணம். ஆகவே முதல் பக்கத்தில் நம் தொகுதி அங்கத்தினரின் பெயரை எழுதலாம் என்று பேனாவைத் திறந்தோம். பெயர் ஞாபகம் வரவில்லை. மூலைக் காய்கறிக் கடைக்காரரிடம் போய்க் கேட்டு வந்து எழுதினோம். அவர் பெயரை மட்டுமல்ல, அங்கத்தினரின் விலாசத்தையும் சொன்னார்.

இதுவரையில் ஒன்பது பக்கங்கள் எழுதியாகிவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று மையும் வைத்திருக்கிறோம். நீலந்தான் சீக்கிரம் தீர்கிறது.